என்ஜினுக்கு வைத்த சந்தனப் பொட்டு

கீழக்குயில்குடி
ஞாயிறு காலை

அன்பு மகள் பாண்டீஸ்வரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். புனேயில் நீயும் மாப்பிள்ளையும் அதே மாதிரி இருக்க வேண்டும்.

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பனுக்கு இப்போது மீசை இல்லை. வலது பக்கம் பாதி கருகிவிட்டது. மிச்சத்தை வைத்துக்கொண்டு தெருவில் நடக்க முடியாது என்று மொத்தமாக மழித்துவிட்டேன். மறுநாள் பால் வாங்கப் போன என்னை எதிர்வீட்டு மலையாண்டி நிறுத்தினான். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "என்னண்ணே, ஒரு வார்த்தை சொல்லவே இல்ல. யாரு தவறுனது?" என்று கேட்டான். மீசைதான் தவறிப்போச்சு என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் தெரு நாய் எழுந்து ஓடிவிட்டது.

எல்லாம் நான் செய்த என்ஜினால் வந்தது. போனில் பீற்றிக்கொண்டேனே, அதேதான். உள்ளங்கையில் அடங்கும் ஒற்றை சிலிண்டர். சிம்மக்கல்லில் பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய அலுமினியத் துண்டை லேத்தில் பூட்டிக் கடைந்து பிஸ்டன் செய்தேன். பிளக் மட்டும் புதுசு. செல்போனில் வீடியோ பார்த்துத்தான் எல்லாம். டவுன் பஸ்ஸில் விசில் ஊதியே ரிட்டயர் ஆன கண்டக்டர் நான். வண்டிக்கு முன்னால் என்ஜின் இருக்கிறது என்பதற்கு மேல் எனக்கு என்ன தெரியும்? முதலில் செய்த பிஸ்டன்கள் சிலிண்டருக்குள் லொடலொடவென்று ஆடின. அதில் ஒன்றை அம்மா அஞ்சறைப் பெட்டியில் கடுகு அள்ளப் போட்டுக்கொண்டாள்.

முதல் ஓட்டத்துக்கு, புது பஸ்ஸுக்குச் செய்கிற எல்லாமும் செய்ய வேண்டும் என்றாள் அம்மா. எலுமிச்சம்பழத்தைப் பக்கத்தில் வைத்தால் பழம்தான் பெரிசாகத் தெரிந்தது. "சிறுசா இருந்தா சாமிக்குக் கண்ணு தெரியாதாக்கும்?" என்று சிலிண்டருக்கு ஒரு பொட்டு, சக்கரத்துக்கு ஒரு பொட்டு, கண்ணில் பட்டதற்கெல்லாம் ஒரு பொட்டு வைத்தாள். நான் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்தேன், இழுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு தும்மல்கூட இல்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பொறி நன்றாக வருகிறது. பெட்ரோலும் இருக்கிறது. என்னைத் திட்டிக்கொண்டேன், வீடியோ போட்ட வெள்ளைக்காரனையும் திட்டினேன். கடைசியில் அம்மா குனிந்து பார்த்து, "ஏங்க, இந்த ஓட்டைக்குள்ளயும் சந்தனம் போயிருக்கே, பரவால்லயா?" என்றாள்.

கார்புரேட்டர் காற்று இழுக்கிற ஓட்டை அது. ஆசையாகப் பொட்டு வைத்து அதன் மூச்சை அடைத்திருக்கிறோம்.

கொண்டை ஊசியால் சுரண்டி எடுத்தேன். காற்று இல்லாமல் உள்ளே பெட்ரோல் தேங்கிக் கிடந்தது எனக்கு எங்கே தெரியும்? முகத்தை அதற்கு நேராக வைத்துக்கொண்டே கயிற்றை இழுத்தேன். நெருப்பு வெளியே வந்து மீசையைக் கொண்டுபோனது. அடுத்த இழுப்பில் ஓடியது தாயி! பட்பட்டென்று மேசையே அதிர்ந்தது. அம்மா நின்ற இடத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அன்று முழுக்க என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தவள், சந்தனக் கிண்ணத்தைக் கழுவும்போது சிரிப்பை நிறுத்திவிட்டாள். "நம்ம பொட்டு வைக்கிறதுல கெட்டிக்காரங்க. மூச்சு விடுற எடம் எதுன்னு மட்டும் பாக்குறதில்ல" என்றாள். அவள் என்ஜினைச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

போன மாதம் நீ போனில், "அப்பா, என் ரூமு அப்படியே இருக்கா?" என்று கேட்டாய். நான் என்ஜின் மிதப்பில், "அதுலதான் லேத்து நிக்குது, காலு வைக்க எடமில்ல" என்றேன். "சரிப்பா, சும்மாதான் கேட்டேன்" என்று சிரித்தாய். போனை வைத்ததும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "கட்டிக்குடுத்து இம்புட்டு நாள்ல ஒருதடவ ரூமப் பத்திக் கேட்டுருக்காளா அவ? லேத்தாம் லேத்து!" என்றாள். அப்புறம் நீ பேசும்போதெல்லாம் ஸ்பீக்கர் போட்ட மாதிரி இரைச்சல். பக்கத்தில் மாப்பிள்ளை தொண்டையைச் செருமுவதும் கேட்கிறது. நாங்களும் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால்தான் இந்தக் கடிதம். கூரியர்காரர் வீடு தெரியாமல் அலைவார் என்று உன் ஆபீஸ் விலாசம் போட்டிருக்கிறேன்.

லேத்தை நானும் மலையாண்டியும் மாடிப்படிக்கு அடியில் நகர்த்திவிட்டோம். நகர்த்தும்போது என் பெருவிரல் நகம் போனது, அது தனிக் கதை. "எண்ணே, பஸ்ஸத் தள்ளுனதுகூட இம்புட்டுக் கனமில்ல" என்று அவன் இன்னும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். அறையைக் கழுவி உன் கட்டிலைப் போட்டாயிற்று. ஆயில் வாடைதான் போகவில்லை. ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறோம்.

நேரத்துக்குச் சாப்பிடு. மனதைத் திடமாக வைத்துக்கொள். மீனாட்சி துணை இருப்பாள்.

இப்படிக்கு,
மீசை முளைக்கும்வரை கல்யாண வீடுகளுக்குப் போகாத உன் அப்பா,
காளை

படியில் ஆள் தொங்கிக்கொண்டு வந்த நாளிலும், ஸ்டாப்பில் நின்ற யாரிடமும் இடமில்லை என்று நான் சொன்னது கிடையாது. ஒரே ஒருத்தியிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கு உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்:

உள்ள எடம் இருக்கு தாயி. ஏறி வா.