ஓட்ஸும் நீல மூடி டப்பாவும்

கருமத்தம்பட்டி,
ஆடி 11, சனிக்கிழமை.

அன்புள்ள பழனியாத்தாளுக்குச் சின்னான் எழுதுவது,

இங்கே நான் நலம். நீயும் கொடுமுடியில் மகள் வீட்டில் நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுத முடியும். போன் போட்டால் சண்முகப்ரியாதான் எடுக்கிறாள். “அம்மா தூங்கறாங்கப்பா” என்கிறாள். காலை பத்து மணிக்கும் தூக்கம், மாலை ஐந்து மணிக்கும் தூக்கம். முப்பத்தெட்டு வருஷத்தில் நீ பகலில் படுத்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீ ஐந்தாவது வரை படித்தவள், இதை நீயே படி. பிரியாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே.

வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆடிக் காற்றுக்கு முருங்கையில் பெரிய கிளை ஒடிந்து விழுந்தது. கீரையைப் பக்கத்து வீட்டு ராசாத்தாள் உருவிக்கொண்டு போனாள். தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வருகிறது. நான் ஒருவன்தானே, இரண்டு குடம் போதும்.

காலையில் நான் இன்றைக்கும் ஓட்ஸ்தான் சாப்பிடுகிறேன். இதை மறைக்கப் போவதில்லை. பாக்கெட்டில் பாதி இருக்கிறது, முடிகிற வரை சாப்பிடுவேன். நான் வாங்கி வந்தது விஷம் இல்லை. ஆனால் ஊர் அப்படித்தான் பேசுகிறது. டீக்கடையில் ஒருவன், “ஏனுங்ணா, இன்னும் அந்தக் கஞ்சிதானுங்களா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். ராசாத்தாள் முதல் நாளே கேட்டாளே, “ஏனுங்க மாமா, அக்காளுக்குக் கொள்ளுப் பையும் கடிவாளமும் சேர்த்து வாங்கிப்போட்டீங்களா?” என்று. அன்று நீயும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. தறிக்குடோனில் நூல் கட்டைச் சுற்றி வரும் பழைய பேப்பரில் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். தறி ஃபிட்டர் வேலையும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை, கண்ணால் பார்த்தே கற்றுக்கொண்டேன். அதனால் படித்தவர்கள் சொன்னால்தான் சரி என்று நான் என்றைக்கும் நம்பியதில்லை. இதை ஒரு குறை மாதிரி உன் மகள் இப்போது சொல்கிறாள். அந்தப் படிப்பை வைத்துத்தான் அவளைக் காலேஜுக்கு அனுப்பினேன் என்று அவளிடம் சொல்லிவிடு. இல்லை, சொல்ல வேண்டாம்.

அவிநாசி ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் சர்க்கரைக்கு வைத்தியம் என்று வெங்கடபதி நடத்திய முகாமுக்கு நான் எனக்காகப் போகவில்லை. எனக்குச் சர்க்கரையும் இல்லை, ஒன்றும் இல்லை. சர்க்கரை உனக்குத்தான். போன வருஷம் உன் அக்காளுக்குச் சர்க்கரைப் புண்ணால் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். அன்று ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து நீ செருப்பைக் கழற்றிவிட்டு உன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் டீ வாங்கப் போயிருந்தேன் என்று நினைத்திருப்பாய். தூண் ஓரமாகத்தான் நின்றிருந்தேன். அப்படியே இன்னொரு தடவை கடைக்குப் போய்விட்டு வந்தேன்.

இருபத்தொரு நாள் என்று வெங்கடபதி சொன்னார். காலையிலும் இரவிலும் நாலு கரண்டி ஓட்ஸ், வெறும் தண்ணீரில். நடுவில் ஒரு பிடி சோறு. இனிப்பு என்று ஒன்று வீட்டுக்குள்ளேயே இருக்கக் கூடாது. நடுக்கம் வரும், வேர்க்கும், பயப்படாதீர்கள், பழைய சர்க்கரை உடம்பைவிட்டு வெளியேறுகிறது, அந்த நேரத்தில் மனசு இளகினால் அத்தனையும் வீண் என்றார். முந்நூறு பேர் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டேன். மாத்திரையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று எனக்கே தெரியும். அதனால் தினமும் காலையில் நானே அட்டையிலிருந்து பிரித்து உன் கையில் வைத்தேன். நாம் எவ்வளவு கவனமாக இருக்கிறோம் என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

நீ மாட்டேன் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி எனக்குப் போட்டுவிட்டு, நீ அந்தக் கஞ்சியைக் குடித்தாய். ஒரே ஒரு நாள், “இது வயித்துல நிக்கவே மாட்டேங்குதுங்க” என்றாய். பழகிவிடும் என்றேன்.

அந்தப் பதினேழாம் நாளைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

பதினொரு மணி இருக்கும். துணி அலசிக்கொண்டிருந்தவள் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ரவிக்கை நனைந்திருந்தது. துவைத்த தண்ணீர் என்று நினைத்தேன். “ஏனுங்க, கண்ணு இருட்டுதுங்க, ஒரு துண்டு வெல்லம் இருந்தாக் குடுங்க” என்றாய். வீட்டில் இல்லை என்றேன். “இன்னும் நாலே நாள் அம்மணி, பொறுத்துக்க” என்றேன். நோட்டை எடுத்து, ‘நாள் பதினேழு. நடுக்கம் தொடங்கியது. நல்ல அறிகுறி’ என்று எழுதினேன். எழுதிவிட்டு நிமிர்ந்தால் நீ இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நிற்கிறாய். பேச்சு குழறியது. அப்புறம் விழுந்தாய்.

சத்தம் கேட்டு ராசாத்தாள் ஓடி வந்தாள். உன்னைப் பார்த்ததும் திரும்பி ஓடினாள், ஒரு டப்பாவோடு வந்தாள். சர்க்கரையை விரலால் தொட்டுத் தொட்டு உன் கன்னத்துக்குள் தேய்த்தாள். நான் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீல மூடி போட்ட நம் வீட்டு டப்பா. முகாம் முடிந்து வந்த அன்று வெல்லம், கருப்பட்டியோடு நான் அவளிடம் தூக்கிக் கொடுத்தது. அவள் தலையைத் திருப்பாமலே, “உங்க ஊட்டுச் சக்கரைதானுங்க மாமா, பயப்படாதீங்க” என்றாள். அவள் குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன டாக்டரம்மா சொன்னது உனக்குத் தெரியாது, நீ அரை மயக்கத்தில் இருந்தாய். சர்க்கரை நாற்பத்தொன்று என்றாள். “மாத்திரை அதே அளவு, சாப்பாடு மட்டும் கால்வாசி. சர்க்கரை இறங்காம என்னங்கய்யா செய்யும்?” என்றாள். ஓட்ஸ் தப்பா என்று கேட்டேன். “தப்பே இல்லைங்க. அளவாச் சாப்பிடலாம், கூடவே பயறோ முட்டையோ வெச்சுக்கலாம். அது மருந்து இல்லை, ஒரு சாப்பாடு, அவ்வளவுதான். நம்ம கம்பும் ராகியும்கூட அளவாச் சாப்பிட்டா நல்லதுதான். எங்களைக் கேக்காமச் சாப்பாட்டக் குறைச்சதுதான் தப்பு” என்றாள். நடுங்கும்போது எதற்காக இனிப்புக் கொடுக்கவில்லை என்றும் கேட்டாள். நான் உன் ட்ரிப்ஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொட்டுச் சொட்டாக இறங்கியதும் சர்க்கரைத் தண்ணீர்தான்.

ஓட்ஸில் தப்பில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டாள் என்பதை நீ கவனிக்க வேண்டும். பிரியாவுக்கும் சொல். உன்னைக் கூட்டிப்போக வந்த அன்று அவள் நோட்டைப் படித்துவிட்டு என் முன்னால் வீசியது எனக்கு மறக்காது. அப்பன் என்ற மரியாதைகூட இல்லை. அந்த நோட்டை நான் கிழிக்கவில்லை. அலமாரியில் இருக்கிறது. பதினெட்டாம் நாளிலிருந்து வெறும் பக்கம்.

முகாமில் கொடுத்த எண்ணுக்கு நாலு தடவை போன் போட்டேன். ஐந்தாவது தடவை ஒரு பெண் எடுத்து, அடுத்த முகாமுக்குப் பெயர் எழுதிக்கொள்ளவா என்று கேட்டாள்.

பாவு நூலில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்திவிட்டுத்தான் நான் கை வைப்பேன். என்னிடம் வேலை பார்த்தவர்களுக்கு முதல் நாள் சொன்னதே அதுதான். அன்றைக்கு நீ என் கண் முன்னால் நின்று கேட்டாய், நான் நிறுத்தவில்லை.

கொடுமுடிக்குப் பஸ் ஏறும்போது நீ சொன்னதை அங்கே நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். “ஒரு துண்டு வெல்லத்துக்கு உங்களக் கும்புட வேண்டியதாப் போச்சுங்க” என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பையைத் தூக்கிக் கொடுக்க வந்தேன், நீயே தூக்கிக்கொண்டாய்.

போன செவ்வாய்க்கிழமை ராசாத்தாள் வாசலில் போய் நின்றேன். நான் ஒருவர் வாசலில் போய் எதையும் கேட்டவன் இல்லை, உனக்குத் தெரியும். அந்த டப்பாவைக் கொடு என்றேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, “கோவிச்சுக்காதீங்க மாமா, அது அக்கா டப்பா. அக்கா வந்து கேட்டாத்தான் குடுப்பேன்” என்றாள். நேற்றைக்குப் பிறந்த பெண் அவள், என்னிடம் இப்படிச் சொல்கிறாள். வந்துவிட்டேன்.

கடைக்குப் போய் ஒரு கிலோ சர்க்கரை வாங்கி வைக்க எனக்குத் தெரியாதா? வாங்கவில்லை. நான் வாங்கி நான் வைத்தால், அதுவும் நீ என்னிடம் கேட்கிற பொருளாகிவிடும்.

அடுத்த சனிக்கிழமை ஆடிப்பெருக்கு. காவிரியில் தண்ணீர் நிறைய விட்டிருக்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்தேன். படித்துறையில் கூட்டம் நெரியும், தனியாக இறங்காதே. மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு கோயிலுக்குப் போய்விடாதே. வயிறாரச் சாப்பிடு. சோறோ களியோ, உனக்கு எது நிற்கிறதோ அதைச் சாப்பிடு. மடியில் ஒரு துண்டு வெல்லம் முடிந்துகொள்.

பெருக்கு முடிந்து வா. வந்ததும் ராசாத்தாள் வீட்டில் அந்த டப்பாவை வாங்கிக்கொள். எந்த அலமாரியில் வைக்கிறாய் என்று நான் கேட்க மாட்டேன்.

காவிரித் தாய் உன்னைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
சின்னான்