ஆந்தைக்கு நட்ட கொம்பு

அன்புள்ள அப்பாவுக்கு விண்ணரசி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? எனக்குக் குளிரைத் தவிர ஒரு குறையுமில்லை.

எங்கள் பறவை ஆஸ்பத்திரியில் நேற்று ஒரு பருந்து என் கையுறையைக் கிழித்துவிட்டது. எனக்குச் சந்தோஷம்தான், போன வாரம் அது தலையைக்கூடத் தூக்காமல் கிடந்தது. யாரோ சுட்டுப்போட்ட முயலைத் தின்றதில், குண்டின் ஈயம் அதன் ரத்தத்தில் ஏறியிருந்தது.

"சம்பா வயல்ல ஆந்தை உட்காரக் கொம்பு நட்டாச்சும்மா, உன் தம்பி ஜெனித்தும் ஏர்கன்னால எலி சுடுறான்" என்றீர்களே, இரண்டும் சேர்ந்தால் ஆபத்தப்பா. ஏர்கன் குண்டும் ஈயம்தான், சுட்ட எலியைத் தின்றால் ஆந்தைக்கும் இதே கதிதான். கீழ்வேளூர் கடைத்தெருவில் எலி பிடிக்கும் மூங்கில் கிட்டி வாங்கித் தம்பியை வைக்கச் சொல்லுங்கள். நான் ஃபோனில் சொன்னால் சண்டைக்கு வருவான்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. ஒருநாள் சாயங்காலம் அந்தக் கொம்புக்குப் பக்கத்தில் நின்று வீடியோ கால் போடுங்கள். ஆந்தை வராவிட்டாலும் நீங்கள் தெரிவீர்களே.

உங்கள் மகள்,
விண்ணரசி