தண்ணீர் படக்கூடாத முனை

நேற்று மருமகள் ஒரு வெள்ளைக் கத்தியைக் கொண்டுவந்து நீட்டினாள். பீங்கான் கத்தியாம். பூசணிக்காய் வெட்டும்போது வாய் உதிர்ந்துவிட்டதாம். "மாமா, நீங்க டூல் ரூம்ல இருந்தவராச்சே, தீட்டித் தாங்களேன்" என்றாள். கையில் வாங்கியதும் உன் ஞாபகம் வந்தது. நல்ல ஞாபகம் என்று நினைத்துக்கொள்ளாதே.

அறுபதுகளின் கடைசியில் திருவொற்றியூர்க் கம்பெனியில் நாம் இருவரும் இரும்பைக் கடையும் லேத் எந்திரங்களுக்கு உளி தீட்டிக்கொண்டிருந்தோம். இருவரும் தற்காலிகம். நிரந்தர இடம் ஒன்றுதான் இருந்தது. அது உனக்குத்தான் என்று கேன்டீன்காரருக்குக்கூடத் தெரியும். நான் தீட்டியதைத் தூக்கிக் காட்டி, "இன்னா மாமு, இத்த வெச்சி வாழக்கா கூட நறுக்க முடியாது போலக்கீதே" என்று எல்லோர் முன்னாலும் சிரிப்பாய். நானும் சிரிப்பேன். வயிறு எரியும்.

ஒருநாள் வெளிநாட்டிலிருந்து பீங்கான் முனை பொருத்திய உளி ஒன்று சோதனைக்கு வந்தது. எஃகு உளியைவிட வேகமாகச் சீவுமாம். அன்று காலை நீ தாமதம். ஏழு மாத வயிற்றோடு இருந்த மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தாய். சூப்பர்வைசர் என்னிடம், "சூடா இருக்கும்போது தண்ணி பட்டா விரிசல் விட்டுடும். உன் கூட்டாளிகிட்டயும் சொல்லிடு" என்றார்.

நீ ஒன்பதரைக்கு வந்தாய். நான் மறக்கவில்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மதியம் சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்க, நீதான் தீட்டினாய். அத்தனை நேர்த்தியான முனையை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. தீட்டி முடித்ததும், எஃகு உளியை முக்கிப் பழகிய கை, அதையும் தண்ணீர் டப்பாவில் முக்கியது. டிக்கென்று ஒரு சத்தம், முனையில் விரிசல்.

"இவன்கிட்ட சொன்னியா இல்லையா?" என்று அவர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

"சொன்னேன் சார்" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். பிறகு அவரிடம், "சொன்னான் சார். எனக்குத்தான் புத்தி இல்ல" என்றாய்.

அன்றே உன்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். கம்பெனி வாசலுக்கு உன் பின்னால் ஓடிவந்து, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "இல்லன்னு சொன்னா ரெண்டு பேரையும் தொரத்துவான். ஒருத்தனாவது இருந்துட்டுப் போ. இனிமே எங்கிட்ட பேசாத" என்றாய். எனக்கு வெட்கமே வரவில்லை. நிம்மதியாக இருந்தது. அந்த மாதமே நிரந்தரமானேன்.

நீ சாணைச் சக்கரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ராயபுரம் மீன் கடைகளுக்குக் கத்தி தீட்டினாய். சக்கரச் சத்தம் கேட்டால் நான் அடுத்த தெருவில் திரும்பிவிடுவேன். வேலை பார்த்து, வீடு கட்டி, ஓய்வும் பெற்றேன்.

நீ இறந்துபோன அன்று மட்டும் உன் வீட்டுக்கு வந்தேன். பெட்டிக்குள் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீங்க படிச்சுப் படிச்சு சொன்னீங்களாமேண்ணே. கேக்காம வுட்டுட்டேன்னு சாவுற வரைக்கும் சொல்லிகினே இருந்துச்சு. கேட்டுருந்தா நாங்களும் உங்கள மாரி நல்லாருந்திருப்போம்."

வீட்டில்கூட நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். உன் முகத்தைப் பார்க்காமல், "நானும் எவ்வளவோ சொன்னேம்மா" என்றேன்.