சின்னவளோட அளவுப் பக்கம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதறது. நீ நல்லா இருக்கியா, வேளாவேளைக்குச் சாப்பிடறியா, விடுதியில அந்த ஒழுகற குழாயைச் சரி பண்ணாங்களா. இங்க எல்லாரும் சௌக்கியம்னு எழுதத்தான் எப்பவும்போலப் பேனாவை எடுத்தேன், அந்த வரிகிட்ட வந்ததும் கை நின்னுபோச்சு, அதனால இந்தத் தடவை அதை விட்டுடறேன். முதல்லயே சொல்லிடறேன், பயப்படாதே, யாரோட உசுருக்கும் ஆபத்தில்லை. நம்ம சின்னவளுக்கு உடம்புல ஒரு கோளாறு இருக்கு, இப்பத்தான் கண்டுபிடிச்சோம், அதுக்கு மருந்து இருக்கு, ஆரம்பிச்சாச்சு. போன்லயே சொல்லியிருக்கலாம், அப்பாவும் அதைத்தான் சொன்னார். மூணு தடவை நம்பரை அழுத்திட்டு வெச்சுட்டேன். என் குரலைக் கேட்டா நீ பதறுவே, நீ பதறினா நான் அழுவேன், அப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணும் பேசாம போனைக் காதுல வெச்சுக்கிட்டு நிக்கணும். எழுதினாத்தான் என்னால முழுசா சொல்ல முடியும்.

மூணு வாரத்துக்கு முன்னாடி நீ கூப்பிட்டியே, டீச்சர் ட்ரெயினிங்குல மனித வளர்ச்சின்னு ஒரு பாடம் நடக்குதும்மா, நிஜப் பிள்ளைங்களோட அளவு வேணும், உன் தையல் நோட்டுல இருந்து ஆறு பிள்ளைங்களோட அளவை வருஷவாரியா பேரு போடாம எழுதி அனுப்புன்னு. அன்னைக்கு எனக்கு இருந்த பெருமையை எங்க போய்ச் சொல்ல. நீ புத்தகத்துல இருந்து படிச்சுக் காட்டக் காட்ட நான் சிரிச்சேனே, ஞாபகம் இருக்கா. பிள்ளைங்க வளர்றதுல ஒரு வரிசை இருக்குது, யாரும் அதைத் தாண்டிக் குதிக்கறதில்லை, கை காலு உடம்பு எல்லாம் ஒரே வேகத்துல நீளாது, ஒண்ணு முந்தும் ஒண்ணு பிந்தும்னு நீ படிச்சே. இருபத்திரண்டு வருஷமா பள்ளிக்கூட யூனிபாரம் தைக்கறவளுக்கு இது தெரியாதா, முதல்ல ஷூ கடிக்கும், அப்புறம் பேன்ட் கணுக்காலுக்கு ஏறும், கடைசியிலதான் தோள் பிடிக்கும், பொம்பளைப் பிள்ளைங்க பதினொண்ணுல சட்டுனு நிமிரும், பையன்கள் ரெண்டு வருஷம் கழிச்சுத் துரத்திப் பிடிப்பாங்க, உன் புத்தகம் எழுதினவங்க என் கடையில ஒரு ஜூன் மாசம் உக்காந்திருந்தாப் போதும்னு உன்கிட்ட ஜம்பம் அடிச்சேன். அந்த வாயைத் தைச்சு வெச்சிருக்கணும்.

போன வாரம் ஒரு மத்தியானம், கடையில கூட்டம் இல்லை, நோட்டைப் பிரிச்சு வெச்சு உனக்கு எழுத ஆரம்பிச்சேன். உயரம்னு நான் தனியா எடுக்கறதில்லை, உனக்கே தெரியும், தோள்ல இருந்து முழங்கால் வரைக்கும், கை நீளம், மார்பு, இடுப்பு, அவ்வளவுதான். பேக்கரிக்காரர் மக, மருந்துக்கடை ரெட்டைப் பிள்ளைங்க, மாடி வீட்டுப் பையன், நம்ம தபால்காரரோட ஒல்லிக்குச்சி, அஞ்சு பேருக்கும் எழுதிட்டேன். ஒவ்வொரு பக்கமும் படிக்கட்டு மாதிரி ஏறிக்கிட்டே போகுது, ஒருத்தருக்கு ஒண்ணரை இஞ்ச், ஒருத்தருக்கு ரெண்டு, பார்க்கவே ஆசையா இருந்துச்சு. ஆறாவதா வெளியில எதுக்குத் தேடணும், நம்ம வீட்டுலயே ஒண்ணு இருக்கேன்னு சின்னவ பக்கத்தைப் புரட்டினேன். அஞ்சு வயசுக்கு அளவு இருக்கு, ஆறுக்கு இருக்கு, ஏழுக்கு இருக்கு, தோள்ல இருந்து முழங்காலுக்கு இருபத்தஞ்சு இஞ்ச். எட்டு வயசுக்கு என் கையெழுத்துல பழையபடின்னு எழுதியிருக்கு. ஒன்பதுக்கும் பழையபடி.

என்னம்மா இதுன்னு கேப்பே. ஊரார் பிள்ளைங்களுக்கு வருஷா வருஷம் நிக்க வெச்சு டேப்பு போடறேன், அவங்க குடுக்கற கூலிக்கு அது நியாயம். சொந்தப் பிள்ளைக்கு ஜூன் மாச அவசரத்துல எங்க நேரம், அவளோட பழைய யூனிபாரத்தையே அளவுத் துணியா விரிச்சு, சுத்தி சாக்பீஸ் ஓட்டி, கீழ மூணு விரல் மடிப்பு விட்டு வெட்டிடறது. வளர்ந்தா மடிப்பைப் பிரிச்சு விட்டுக்கலாம்னு கணக்கு. அந்த மடிப்பை ரெண்டு வருஷமா நான் பிரிக்கவே இல்லை. பிரிக்கணும்னு தோணவும் இல்லை, அதுதான் கொடுமை. மார்புதான் கொஞ்சம் பிடிக்குதுன்னு பக்கத்துத் தையலை ரெண்டு தடவை பிரிச்சு விட்டேன், பிள்ளை பூசினாப்பல இருக்காளேன்னு சந்தோஷம் வேற. கடைக்கு வர்ற அம்மாங்ககிட்ட, பாருங்க என் கைத் தையலை, ரெண்டு வருஷமா ஒரே அளவு நிக்குதுன்னு காட்டியிருக்கேன். என் பிள்ளையை மாடல் மாதிரி முன்னாடி நிறுத்தி வெச்சுக் காட்டியிருக்கேன்டி.

சரி, நம்ம சோம்பேறித்தனம், இப்பவாவது ஒழுங்கா எடுத்து அனுப்புவோம்னு பள்ளிக்கூடம் விட்டு வந்தவளை நிக்க வெச்சு டேப்பு போட்டேன். இருபத்தஞ்சே கால். தப்பா பிடிச்சிருப்பேன்னு மறுபடி போட்டேன், அதே இருபத்தஞ்சே கால். டேப்பு இழுத்துப் போயிருக்கும்னு மர ஸ்கேலை எடுத்து அதுமேல வெச்சுப் பார்த்தேன், டேப்பு சரியாத்தான் இருக்கு. கை நீளம் போட்டேன், ஏழு வயசுல என்ன இருந்துச்சோ அதேதான். ஏழு வயசுல இவளும் பேக்கரிக்காரர் மகளும் ஒரே அளவு, ஒரே நாள்ல ரெண்டு பேருக்கும் வெட்டினேன், அவளுக்கு இப்ப இருபத்தெட்டு. சின்னவ டேப்பை எப்ப எடுப்பேன்னு நின்ன வாக்குலயே தூங்கி வழியறா. அப்பா டெப்போவுல இருந்து வந்தவர், என்ன முகம் பேயடிச்சாப்பல இருக்குன்னார், நோட்டைத்தான் நீட்டினேன். இவ்வளவு பெரிய பஸ்ஸை ஓட்டற மனுஷன், வெட்டின துணிமேலயே உக்காந்துட்டார். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு, தினமும் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கோம்னு.

மறுநாள் கடைக்குப் பூட்டைப் போட்டுட்டு நோட்டும் கையுமா பிள்ளைங்க டாக்டர்கிட்ட போனோம். சின்ன வயசு அம்மாதான், ஆனா பொறுமைசாலி. நோட்டை வாங்கி ஒவ்வொரு வரியா படிச்சாங்க. அப்புறம் வரிசையா கேட்டாங்க, பிள்ளைக்குக் குளிர் தாங்கலையா, தோல் வறண்டு போகுதா, மலம் இறுகிப் போகுதா, எந்நேரமும் தூக்கமா, படிப்புல பின்தங்கறாளான்னு. நான் ஒவ்வொண்ணுக்கும் ஆமா ஆமான்னு தலையாட்டறேன், இத்தனையும் எனக்குத் தெரிஞ்சிருக்கே, தனித்தனியாத் தெரிஞ்சிருக்கே. ஸ்வெட்டரைக் கழட்ட மாட்டேங்கறாளேன்னு திட்டியிருக்கேன், எண்ணெய் தடவி விட்டிருக்கேன், தூங்குமூஞ்சின்னு கேலி பண்ணியிருக்கேன். ஒண்ணோட ஒண்ணைச் சேர்த்துப் பார்க்கலை. ரத்தம் எடுத்தாங்க, இடது கையை எக்ஸ்ரே எடுத்தாங்க. கழுத்துல தைராய்டு சுரப்பின்னு ஒண்ணு இருக்காமே, அது ரெண்டு வருஷமா வேலையே செய்யலையாம். அதனால உயரமும் நின்னு, சுறுசுறுப்பும் போய், மனசும் மந்தமாயிருக்கு. உடம்பும் அறிவும் மனசும் தனித்தனி இல்லை, ஒண்ணு நின்னா மத்ததும் தடுமாறும்னு நீ போன்ல படிச்சியே, அதை நான் ஊங்கொட்டிக்கிட்டு பட்டன் தைச்சுக்கிட்டிருந்தேன். எக்ஸ்ரேயில எலும்புக்கு இன்னும் ஏழு வயசுதானாம், அதனால வளர இடம் பாக்கி இருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்க. தினமும் காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திரை. விட்டதுல பெரும்பகுதி திரும்பிடும், முழுசும் திரும்புமான்னு இப்பச் சொல்ல முடியாது, மூளைக்கு நிரந்தரமா ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு சொன்னாங்க. அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு.

இப்ப உன்மேலயும் ஒரு வார்த்தை இருக்கு, கோவிச்சுக்காதே. போன லீவுல நீ வந்தப்ப, இவ படிப்புல இப்படி மந்தமா இருக்காளேன்னு நான் புலம்பினேன், நீதான் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேகம்மா, மத்த பிள்ளைங்களோட ஒப்பிடாதேன்னு அடக்கினே. எனக்கும் அது சௌகரியமாப் போச்சு, பெரியவ படிச்சவ சொல்லிட்டான்னு விட்டுட்டேன். டாக்டரம்மாகிட்ட இதைச் சொல்லி என் மக மேல பழியைப் போடப் பார்த்தேன், வெக்கமா இருக்கு. அவங்க உன் பக்கம்தான் பேசினாங்க. உங்க மக சொன்னது சரிதான், அடுத்த பிள்ளையோட ஒப்பிட வேண்டாம், ஆனா போன வருஷத்து இவளோட இவளை ஒப்பிட்டுத்தான் ஆகணும், மெதுவா வளர்றது வேற, நின்னுபோறது வேறன்னாங்க. இதை உன் பாடத்துல எங்கயாவது ஓரமா எழுதி வெச்சுக்கோ. உன் புத்தகத்துலயும் இருக்கும், நீ தேடிப் பாரு, எனக்கு என்னமோ பரீட்சைக்குப் படிக்கறப்ப அந்த இடத்தைத்தான் எல்லாரும் தாண்டிடுவாங்கன்னு தோணுது.

அவ கிளாஸ் டீச்சர் போன ரிப்போர்ட்ல முயற்சி போதாதுன்னு எழுதியிருந்தாங்க. நான் அதுல கையெழுத்துப் போட்டதோட நிக்கலை. வீட்டுப்பாடம் எழுதறப்ப தலை தொங்கித் தூங்கினான்னு கால்ல அடிச்சேன், மூணு நாலு தடவை இருக்கும். மேல ஒரு மர ஸ்கேல் எழுதினேன் பாரு, அதாலதான். உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. இந்தக் கையாலதான் ஊர்ப் பிள்ளைங்களை இடுப்பு கூசாம பார்த்துப் பார்த்து அளவெடுக்கறேன். இப்ப அந்த டீச்சர்கிட்ட போய் ரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டினேன், பாவம் அவங்களும் ஆடிப் போயிட்டாங்க, முன் பெஞ்சு பின் பெஞ்சுன்னு மாத்தி மாத்தி உக்கார வெச்சேனே தவிர இது தோணலையேன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ரெண்டு பேரும் வராந்தாவுல நின்னுக்கிட்டு யாரு அதிகம் தப்பு பண்ணினதுன்னு போட்டி போடாத குறைதான்.

நீ கேட்ட அளவுத் தாளை இதோட வெச்சிருக்கேன், ஆறாவது பிள்ளையோட பக்கத்தையும் சேர்த்துத்தான். பழையபடின்னு இருக்கற ரெண்டு இடத்தையும் அடிச்சுட்டு ஏதாவது ஒரு நம்பர் போட்டுடலாமான்னு ஒரு நிமிஷம் புத்தி போச்சு, அப்பா விடலை. இருக்கறது இருக்கட்டும், அதைப் பார்த்து நாலு வருங்கால டீச்சருங்க திடுக்கிடட்டும்னார். இனிமே ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை நிக்க வெச்சு எடுப்பேன். அளவுத் துணி பழக்கம் இந்த வீட்டுல அன்னைக்கே ஒழிஞ்சுது, பழைய யூனிபாரத்தை எல்லாம் கிழிச்சு மெஷின் துடைக்கப் போட்டுட்டேன். மாத்திரை ஆரம்பிச்சு ஆறே நாள், இன்னும் ஒரு மாற்றமும் தெரியலை, வாரக்கணக்குல ஆகும்னு சொல்லியிருக்காங்க. இருந்தாலும் தினமும் காலையில மாத்திரையைக் குடுத்துட்டு அவ முகத்தையே பார்த்துக்கிட்டு நிக்கறேன், என்னம்மா வேணும்னு கேக்கறா.

ஒண்ணை எழுதாமலே வந்துட்டேன், எழுதக் கை வரலை, அதான். டாக்டரம்மா எங்களை விட்டுட்டு நேரா சின்னவளைப் பார்த்து, உனக்கு அசதியா இருக்குமா கண்ணு, மாடிப்படி ஏறினா காலு கனக்குமான்னு கேட்டாங்க. ஆமான்னா. எப்ப இருந்துன்னு கேட்டாங்க, தெரியாதுன்னா. அம்மாகிட்ட ஏன் சொல்லலைன்னு கேட்டதுக்கு இவ என்ன சொன்னா தெரியுமா, எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன், மத்தவங்க எல்லாம் அதைப் பொறுத்துக்கிட்டு ஓடறாங்க, எனக்குத்தான் பொறுத்துக்கத் தெரியலைன்னு நெனச்சேன்னா. ஒன்பது வயசுப் பிள்ளை, சாதாரணமா, கிளாஸ்ல கேள்விக்குப் பதில் சொல்றாப்பல சொல்றா. அப்பா எழுந்து வெளிய போயிட்டார். நான் அங்கயே வாயில முந்தானையை வெச்சு அடைச்சுக்கிட்டேன்.

நீ நோய்நொடி இல்லாம நல்லா இரு, படிச்சு முடிச்சு நாலு பிள்ளைங்க உன்னை ஆசையா டீச்சர்னு கூப்பிடற நாளை அப்பாவும் நானும் கண்ணால பார்க்கணும். ஞாயித்துக்கிழமை கூப்பிடு, என்கிட்ட பேசறதுக்கு முன்னாடி சின்னவகிட்ட பேசு, அழாம பேசு. ஒண்ணை மட்டும் மறக்காதே. நாளைக்கு உன் கிளாஸ்ல ஒரு பிள்ளை தலை தொங்கி உக்காந்திருந்தா, ரிப்போர்ட்ல எதையாவது எழுதறதுக்கு முன்னாடி, உனக்கு உடம்பு எப்படி இருக்குன்னு அதுகிட்டயே ஒரு தடவை கேட்டுடு. ரெண்டு வருஷமா இங்க ஒருத்தரும் கேக்கலை.

இப்படிக்கு,
உன் அம்மா