புத்தூர் முடக்குக்கு ஒரு வைரவர்

ஒஸ்லோ

புத்தூரில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு, பாலேஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா?

நேற்று தெருவைக் கடக்கப் போனேன். கார் ஒன்று எனக்காக நின்றது. "நீ போ" என்று கை காட்டினேன். கார்க்காரனும் என்னைப் போகச் சொல்லிக் கை காட்டினான். கூட வந்த மகள் உதயகலா சிரித்தாள்.

"அம்மா, இஞ்சை றோட்டிலை ஒருத்தரும் சாகக்கூடாது எண்டு நகரசபை பாடுபடுது."

"அங்கை உன்ரை தம்பி பஸ் அடிச்சுச் செத்ததை விதி எண்டல்லோ சொன்னவை."

அவள் என் கையைப் பிடித்துத் தெருவைக் கடக்க வைத்தாள்.

எங்கள் மகன் செத்த அதே முடக்கு வளைவால்தான் அவனுடைய மகளும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள். வேகத்தடை கேட்டு இனி ஒருவரிடமும் போய் நிற்காதீர்கள். அவன் விழுந்த இடத்தில் வைரவர் சூலம் நட்டு, உண்டியலும் வையுங்கள். மனிசருக்கு பிறேக் பிடிக்காத பஸ்காரர் வைரவருக்குக் காசு போடவாவது நிறுத்துவார்கள்.

நட்டதும் போன் எடுங்கள். பகலில் இங்கே கதைக்க ஆளில்லை. உதயகலாவின் குழந்தை எழும்பிவிட்டது.

பாலேஸ்வரி