மாடத்திக்குச் சொல்லித்தராத வரி

இராஜபாளையம்,
1900ஆம் வருஷம், ஆவணி கடைசி ஞாயிறு

என் அருமை மகள் பரிபூரணத்துக்கு அம்மா எழுதுகிறது. ஆண்டவர் காத்துவருகிறபடியால் நானும் உன் அப்பாவும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேரன் தானியேலும் அந்தத் தேயிலைத் தோட்டத்துக் குளிரில் எப்படி இருக்கிறீர்களோ என்பதே எந்நேரமும் என் நினைப்பு. ஆடியில் நீ போட்ட கடிதம் பதினோரு நாள் கழித்து வந்தது. பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான் என்று எழுதியிருந்தாய், அந்த இடத்தை மட்டும் உன் அப்பா மூன்று தரம் வாசித்தார்கள், வாசித்துவிட்டு மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைத்தார்கள், சிரிக்கவில்லை. நிற்கத் தொடங்கிவிட்டான் என்றால் அடுப்புப் பக்கம் ஒரு பலகையைக் குறுக்கே போட்டு வை, நீ பராக்குப் பார்க்கிறவள் என்று எனக்குத் தெரியும். இங்கே மழை இல்லை, கண்மாய் வெடித்துக் கிடக்கிறது, ஆடு மாடு வைத்திருப்பவர்கள் பாடுதான் பாவம். ஜவுளிக்கடை சேக் முகைதீன் அடுத்த வாரம் கொழும்புக்குப் போகிறார், அவரிடம் கருப்பட்டியும் சுக்கும் கொடுத்தனுப்புகிறேன், மாப்பிள்ளையைக் கொழும்புக்கு ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ளச் சொல்.

அப்பா ஏன் தன் கையால் ஒரு வரிகூட எழுதுவதில்லை, அப்படி என்ன கோபம் என்று இரண்டு கடிதத்தில் கேட்டுவிட்டாய். மூட்டுவலி, வேலை என்று நானும் மழுப்பி வந்தேன். இனி மழுப்பத் தெம்பில்லை. இதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாளாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன், ஏனென்றால் இதில் உன் பெயரும் வருகிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ இதில் ஒரு தப்பும் செய்யவில்லை, பச்சைப்பிள்ளை என்ன செய்யும், செய்தது முழுக்க நான்.

நீ பிள்ளை பெற்று ஐந்தாம் நாள், சென்ற ஐப்பசி. ஊர் முழுக்க வாந்திபேதி. அதற்கு முந்தின நாள்தான் அப்பா தேவதானத்தில் நம் சபையார் இரண்டு பேரை அடக்கம் செய்துவிட்டு வந்து, வேட்டியை வாசலிலேயே அவிழ்த்துக் கொளுத்திவிட்டு, கிணற்றடியில் நாலு தரம் குளித்தார்கள். மறுநாள் மத்தியானம் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது கொல்லைப் படலண்டை மாடத்தி வந்து நின்றாள். செட்டியார்பட்டிக் கண்ணுச்சாமியின் பெண்சாதி. நாலு மாதமாக ஞாயிறுதோறும் நடந்து வந்து கோவிலில் கடைசியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாரே, ஞானஸ்நானம் வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தாரே, அந்தக் கண்ணுச்சாமி. அவள் தலை விரிந்து கிடந்தது. அம்மா, அவியளுக்குப் பேதி கண்டிருக்கு, உபதேசியாரு வந்து தலையில தண்ணி ஊத்தி இயேசுசாமி பேரச் சொல்லணும்னு பொலம்புதாவ, உடனே அனுப்புங்க என்றாள். சாகக்கிடக்கிறவனுக்குக் குருவானவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம், உபதேசியாரே ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன், அவிய ஊர்ல இல்ல, தேவதானம் போயிருக்காவ, வந்ததும் அனுப்புதேன் என்று. சொன்னபோது அவர்கள் குறட்டை உள்ளே கேட்கிறது. பக்கத்து அறையில் உன் பிள்ளை சிணுங்குகிறான். அவர்கள் போய், வேட்டியோடு நோய் இந்த வீட்டுக்குள் வந்தால் என்ன செய்வேன் என்பது ஒன்றுதான் எனக்கு இருந்தது, ஆண்டவர் எனக்கு அந்நேரம் ஞாபகத்திலேயே இல்லை. மாடத்தி நிற்க முடியாமல் படலைப் பிடித்துக்கொண்டாள், அவளுக்கு ஒரு செம்பு கஞ்சியை ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு ஓடினாள்.

விளக்கேற்றும் நேரத்துக்கு அப்பாவிடம் சொன்னேன், அப்போதுதான் செய்தி வந்ததுபோலச் சொன்னேன். அவர்கள் வாசலில் போய் வானத்தைப் பார்த்தார்கள், இருட்டிட்டுதே, விடியக்காலம் போறேன் என்றார்கள். விடியக்காலம் போனபோது கண்ணுச்சாமியைக் குழியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு ராத்திரி தாமதம் பண்ணி ஓர் ஆத்துமாவைக் கைவிட்டேன் என்பது அவர்கள் எண்ணம். ஒரு ராத்திரி இல்லை, ஒரு பகலும் சேர்த்து, அந்தப் பகலை ஒளித்தவள் நான் என்று அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. நீ நாற்பது கழிந்து கொழும்புக் கப்பலேறப் போனபோது சாத்தூர் ஸ்டேஷன்வரை வந்தார்களே, அப்போது ஏன் அப்பா முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டாய், பிரிவுதான் என்று சொன்னேன். அதுவும் பொய்.

அதற்குப் பிறகு குருவானவர் மாதம் ஒரு முறை வந்து நற்கருணை கொடுக்கும்போது அவர்கள் எழுந்து போவதில்லை. ஆண்கள் பக்கம் எல்லோரும் போன பிறகு பாயில் அவர்கள் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள், கேட்டால் முழங்கால் வலி என்பார்கள். நான் பெண்கள் பக்கத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே போய்க் கை நீட்டி வாங்கிவிட்டு வருவேன். பொய் சொன்னவள் போகிறேன், தூங்கினவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னொன்றும் கவனித்தேன். ஞாயிறு ஆராதனையில் அவர்கள்தானே விசுவாசப் பிரமாணத்தை முன்னால் நின்று சொல்லுவார்கள், பாவமன்னிப்பை விசுவாசிக்கிறேன் என்கிற இடம் வரும்போது அவர்கள் குரல் நின்றுவிடும். சபையார் எல்லோருக்கும் மனப்பாடம், எல்லோரும் சேர்ந்து சொல்லிக்கொண்டு போவதில் அந்த இடம் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், முப்பது வருஷமாகக் கேட்கிற குரல். அந்த நாட்களில் நான் பிடியரிசிப் பானையில் ஒரு வேளைக்கு ஒரு பிடிக்குப் பதிலாக இரண்டு பிடி போடத் தொடங்கினேன். கோவிலுக்கு எடுத்துவைக்கிற அரிசியைக் கூட்டிப் போட்டால் ஆண்டவர் சும்மா இருந்துவிடுவார் என்று என் புத்தி போயிற்று. கிருபை இலவசம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்ன உபதேசியார் பெண்சாதி நான், என் புத்தியைப் பார்.

தை மாதம் மாடத்தி வந்தாள். புருஷன் ஆசைப்பட்ட வழியில் நானும் வாரேன், படிச்சுக் கொடுங்க என்றாள். அவளுக்கு எழுத்து தெரியாது, காதால் கேட்டுத்தான் படிக்கவேண்டும். செவ்வாயும் வெள்ளியும் அப்பா வாசலில் உட்கார்ந்து சொல்ல, அவள் திருப்பிச் சொல்வாள். சபையோடு சேர்ந்து சொல்லும்போது வாய் திறக்கவே மாட்டாள், அம்புட்டுக் கூச்சம். அப்பாவிடம் மட்டும்தான் படித்தாள். அந்த வரி வரும்போது அப்பா அதை விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போவதை நான் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டேன். எல்லாம் பொறவு தெரிஞ்சுக்கிடுவா என்று விட்டுவிட்டேன்.

சென்ற மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் குருவானவர் ஞானஸ்நானத்துக்கு வருகிறவர்களைச் சோதித்தார். வண்டி கட்டிக்கொண்டு மாடத்தியைக் கூட்டிக்கொண்டு நாங்கள் இருவரும் போனோம். ஏன் இந்த மார்க்கத்துக்கு வருகிறாய் என்று குருவானவர் கேட்டார். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவிய சாகக்கெடக்கையில மத்தியானம் ஓடிவந்தேன் ஐயா, உபதேசியாரு ஊர்ல இல்ல, ஆனா அம்மா என்னைத் தொடவும் அஞ்சாம கஞ்சி ஊத்திக் குடுத்தாவ, அது இல்லேன்னா நான் பாதையிலேயே விழுந்திருப்பேன், இப்படி எரக்கமுள்ள சனத்தோட சேர்ந்துக்கிடணும்னு அன்னைக்கே நெனச்சேன் என்றாள். மத்தியானம் என்ற சொல்லைக் கேட்டதும் உன் அப்பா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள். நான் பாயைப் பார்த்தேன். பிறகு பிரமாணத்தைச் சொல்லச் சொன்னார், மாடத்தி கண்ணை மூடிக்கொண்டு தட்டாமல் முட்டாமல் சொன்னாள், பாவமன்னிப்பை மட்டும் விட்டுவிட்டு. மறுபடி சொல்லச் சொன்னார், மறுபடியும் அதே இடம் இல்லை. நடுவில் ஒன்று விட்டுப்போயிற்றே என்றதற்கு, இல்லியே ஐயா, உபதேசியாரு இப்படித்தான் சொல்லித் தந்தாவ என்றாள். குருவானவர் நல்லவர், அவளைக் கடிந்துகொள்ளவில்லை, அப்பாவை ஒரு பார்வை பார்த்தார், ஆவணி கடைசி ஞாயிறு நான் இராஜபாளையம் வருகிறேன், அதற்குள் அந்த வரியையும் படிக்கட்டும், அன்றைக்கு ஞானஸ்நானம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். கோபுரம் கண்ணை விட்டு மறைந்த பிறகு வண்டியில் மாடத்திதான் கேட்டாள், நான் என்னம்மா தப்பு செஞ்சேன் என்று.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார்கள், இரண்டு அடி அடித்தாலும் வாங்கிக்கொள்வோம், அவர்கள் மனது லேசாகிவிடும் என்று நினைத்தேன். அவர்கள் கோபப்படவில்லை. நீ பச்சப்பிள்ளைக்காகப் பயந்த, அதுக்காக ஒன்ன மன்னிக்க எனக்குச் செத்த நேரங்கூட ஆகலை என்றார்கள். அப்படியானால் குருவானவர் வரும்போது எழுந்து நற்கருணைக்குப் போங்கள் என்றேன். அதற்கு அவர்கள் சொன்னது என்னைக் கொன்றுவிட்டது. நான் பிள்ளைக்காகப் பயப்படலை, எனக்காகப் பயந்தேன், இருட்டிட்டுதுன்னு சொன்னப்போ எனக்குள்ள அப்பாடான்னு இருந்துச்சு, நீ மத்தியானமே சொல்லியிருந்தாலும் வேற சாக்குத் தேடியிருப்பேன், ஊருக்கெல்லாம் மன்னிப்பு உண்டுன்னு சொல்லுதேன், அது உண்மைன்னும் தெரியுது, என் வாயில வரமாட்டேங்குது என்றார்கள். நான் என்ன செய்வேன் சொல். எனக்குக் கோபம்தான் வந்தது. நான் சொல்லிவிட்டால் அவர்கள் நிமிர்ந்துவிடுவார்கள் என்று நம்பி, ஒன்பது மாதம் பயந்து பயந்து சேர்த்து வைத்ததைச் சொல்லியாயிற்று, எனக்குத்தான் நெஞ்சு ஆறியது, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வசனம் சொல்லலாம் என்றால் எந்த வசனம் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் சொல்லித்தானே நான் படித்தேன்.

மாடத்திக்கு அந்த வரியைச் சொல்லிக்கொடுக்கிற வேலை எனக்கு வந்தது. ஒரு வரிதான், ஒரு நாளில் படித்துவிட்டாள். ஆனாலும் தினமும் வந்து உட்கார்ந்து, இது யாரு செஞ்ச பாவத்துக்கம்மா, செத்தவியளுக்கும் உண்டா, தெரிஞ்சே செஞ்சதுக்கும் உண்டா என்று கேட்டுக்கொண்டிருப்பாள். உண்டு உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. அவள் என்னோடு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், அன்னைக்கு அவிய உள்ளதான் தூங்கிக்கிட்டு இருந்தாவ மாடத்தி, நான்தான் மறைச்சேன் என்றேன். முறத்தைக் கீழே வைத்தாள். உள்ளதான் இருந்தாவளா என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். ஆமா என்றேன். எழுந்து போய்விட்டாள். வெள்ளி வரவில்லை, சனி வரவில்லை. கண்ணுச்சாமியையும் தடுத்தேன், இவளையும் தடுத்தேன் என்று அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன், இரண்டு வேளை உலை வைக்கவில்லை, அப்பா பழையதைப் பிழிந்து சாப்பிட்டார்கள்.

இன்றைக்குக் குருவானவர் வந்தார். மணி அடித்து, பாட்டும் முடிந்த பிறகு மாடத்தி வந்தாள். நான் எடுத்துக் கொடுத்திருந்த வெள்ளைச் சேலையை உடுத்தவில்லை, தன் பழைய சேலையை வெளுத்து உடுத்தியிருந்தாள். என் பக்கத்தில் உட்காராமல் பாயின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். அப்பா பிரமாணம் சொன்னார்கள், அந்த இடம் வந்தது, அவர்கள் குரல் நின்றது. சபையார் வாயெடுக்குமுன் மாடத்தி சொன்னாள். கோவிலில் இதுவரை வாய் திறக்காதவள், தனியாக, சத்தமாக, அந்த வரியைச் சொன்னாள். குருவானவரைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னாள். உன் அப்பா அதற்குமேல் தொடர முடியாமல் நின்றுவிட்டார்கள், குருவானவர்தான் மீதியைச் சொல்லி முடித்தார். மாடத்திக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. நற்கருணைக்கு அழைத்தபோது அப்பா எழுந்திருக்கவில்லை. இன்றைக்கு எனக்கும் கால் எழவில்லை.

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து நான் சேலை மாற்றிக்கொண்டிருந்தபோது கொல்லைப் படலில் சத்தம் கேட்டது. மாடத்தி. அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றாள். கஞ்சி இருக்காம்மா என்றாள். ஊற்றிக் கொடுத்தேன், அவள் சேலையில் கொஞ்சம் சிந்திவிட்டது. நின்றபடியே குடித்தாள், செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் என்னை மன்னித்துவிட்டாளா, அல்லது அவளுக்குத் தாகமாக இருந்ததா, எனக்குத் தெரியவில்லை மகளே. அப்பா உள்ளேயிருந்து சன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் இதை நினைக்காதே, அதற்காகத்தான் எழுதப் பயந்தேன். அவன் நன்றாகச் சாப்பிடட்டும், நன்றாக ஓடட்டும். அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, இதைப் பற்றி ஒன்றும் எழுதாதே, பிள்ளை என்னென்ன செய்கிறான் என்று மட்டும் எழுது. அம்மைப்பால் குத்த ஆள் வந்தால் விட்டுவிடாதே, மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் தம் கைக்குள் வைத்திருப்பாராக. முன்னெல்லாம் கடிதத்தின் அடியில் அப்பாதானே ஆசீர்வாதம் எழுதுவார்கள், இன்றைக்கும் எழுதச் சொல்லித் தாளையும் பேனாவையும் அவர்கள் முன்னால் வைத்திருக்கிறேன், வைத்து வெகுநேரமாகிறது. நாளைக் காலை தபால் போகிறவரை பார்ப்பேன். கீழே வெறுமையாக வந்தால், அவர்களால் இன்னும் முடியவில்லை என்று தெரிந்துகொள்.

இப்படிக்கு
உன் அம்மா
பாக்கியத்தாய்