மாம்பழத்தைத் தின்றவளுக்கு

இன்று காலை செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறினேன். எதிரே இருந்த பெண் கூடையைத் திறந்ததும் பெட்டி முழுக்க நாட்டு மாம்பழ வாசனை. ஜெர்மன் வாய்மொழித் தேர்வுக்குப் போகிற நான் மனப்பாடம் செய்ததை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போனால் சேர்ந்துதான் போவது என்று பேசி வைத்திருந்தோம். நான்கே நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பிடித்த பழம் எது, அதை எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று ஜெர்மன் வகுப்பில் மிஸ் கேட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா? சாப்பிடுவதற்கு 'எஸ்ஸன்' என்று எல்லோரும் படித்திருந்தோம். நீ மட்டும் அகராதியில் 'தின்' என்று தேடி, 'ஃப்ரெஸ்ஸன்' என்ற சொல்லோடு வந்திருந்தாய். எழுந்து நின்று, நான் மாம்பழம் ஃப்ரெஸ்ஸன் என்றாய். மிஸ்ஸுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அது ஆடு மாடு தின்பதற்கான சொல்லாம்.

"இன்னா மிஸ், சோறுதான் சாப்புடுவாங்க, மாம்பழத்த துன்னத்தான செய்வாங்க? எங்க வூட்ல நானும் துன்றேன், மாடும் துன்னுது. அதுக்குத் தோலு, எனக்கு சதை. அவ்ளோதான்."

அதன் பிறகுதான் மிஸ் நமக்கெல்லாம் தேர்வில் சொல்ல ஒரு பதிலை எழுதிக் கொடுத்தார். தட்டில் வைப்போம், கத்தியால் நறுக்குவோம், முள்கரண்டியால் எடுப்போம். கையால் என்று மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள் என்றார். நீ அதைப் படிக்கவே மாட்டேன் என்றுவிட்டாய். நான் படித்தேன். பயந்தவள்தானே நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் கடற்கரையில் நுங்கின் கண்ணில் கட்டைவிரலை விட்டுக்கொண்டே, "இதுக்கு எங்கடி கத்தியும் முள்ளும்?" என்று கேட்டாய். பிறகு ஒன்றைக் கண்டுபிடித்தாய். ஜெர்மனில் 'அவள் இருக்கிறாள்' என்றாலும் 'ஸீ இஸ்ட்', 'அவள் சாப்பிடுகிறாள்' என்றாலும் 'ஸீ இஸ்ட்'. எழுத்துதான் வேறு, காதுக்கு ஒன்று.

"துன்னுகினு கீறவதான்டி உசுரோட கீறா. ஜெர்மன்காரன் தெரிஞ்சிதான் வச்சிகிறான் பாரு" என்று விரலை நக்கினாய்.

இன்று எனக்கு இந்தத் தேர்வு இரண்டாம் முறை. இதிலும் தோற்றால் வேலை தருவதாகச் சொன்னவர்கள் காத்திருக்க மாட்டார்கள். தேர்வாளர் ஒரு படத்தை நீட்டினார். தட்டில் ஆப்பிள், பக்கத்தில் கத்தி. உங்கள் ஊரில் பழத்தை எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். மிஸ்ஸின் பதில் தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன். கையால்தான் என்றேன். மாம்பழத்தை உருட்டி உருட்டிக் குழைய வைத்து, நுனியைக் கடித்து உறிஞ்சுவோம், முழங்கை வரை வழிவதை நக்குவோம் என்றேன். உன் ஃப்ரெஸ்ஸன் கதையையும் சொன்னேன். என் தோழி சொன்னதில் எந்தத் தவறும் இல்லை என்றும் சொன்னேன்.

அவர் எழுதுவதை நிறுத்தி, அந்தத் தோழி இன்னும் அப்படித்தானா என்று கேட்டார்.

போனவர்களைச் சொல்ல வேறு வினைச்சொல் உண்டு. அதையும் படித்துத்தான் வைத்திருக்கிறேன். நிமிர்ந்து உட்கார்ந்து "ஸீ இஸ்ட்" என்றேன். எந்த இஸ்ட் என்று அவர் எடுத்துக்கொண்டாரோ.

முடிவு இன்னும் வரவில்லை. தோற்றால் அந்த வேலை போகட்டும், மறுபடி தேர்வுக்குப் போவேன். எத்தனை முறை கேட்டாலும் உன்னை இறந்தகாலத்தில் சொல்ல மாட்டேன்.